வெளியே, உள்ளே, மறுபடி வெளியே: ஒரு சிடி டிரைவின் பயணம்

ஸ்கேன் சென்டரிலிருந்து வெளியே வருகிறவர் கையில் ஒரு பெரிய உறை இருக்கும். உள்ளே கறுப்பு பிலிம், இரண்டு பக்க அறிக்கை, கூடவே காகித உறையில் போட்ட ஒரு சிடி. பிலிமில் அச்சாகியிருப்பது பொறுக்கியெடுத்த சில படங்கள்தான். எம்ஆர்ஐ எடுத்த நூற்றுக்கணக்கான படங்களும் ஒன்று விடாமல் இருப்பது அந்த சிடியில். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க வேண்டும், வெளியூரில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டும் என்றால் அதைத் திறந்தாக வேண்டும். வீட்டு லேப்டாப்பை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாலும் சிடி போட வழி தெரியாது. அதற்கான இடத்தையே எடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் கடைக்கு ஆள் போகும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு தட்டையான பெட்டியை எடுத்து வைப்பார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலம், ஒரு விரல் தடிமன், பின்னால் ஒரு குட்டை வயர். யுஎஸ்பி துளையில் செருகி, முன்னால் இருக்கும் பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வரும். சிடியை நடுக்குமிழில் ‘கிளிக்’ என்று பதிய வைத்து உள்ளே தள்ளினால் மெல்லிய உறுமல் ஒன்று எழும். கொஞ்ச நேரத்தில் திரையில் படங்கள் விரியும்.

லேப்டாப் இழந்ததை ஈடுகட்டப் பின்னால் வந்த ஒட்டுச் சாமான் என்றுதான் இந்தப் பெட்டியைப் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சிடி டிரைவ் பிறந்ததே கணினிக்கு வெளியேதான். தனிப் பெட்டியாக மேசைமேல் உட்கார்ந்திருந்தது, சில ஆண்டுகளில் கணினிக்குள் குடியேறியது, அங்கே ஒரு தலைமுறை வாழ்ந்துவிட்டு மறுபடி வெளியே வந்தது. நாற்பது ஆண்டுகளில் வயர் மாறியது, வேகம் மாறியது, விலை மாறியது. சிடித் தட்டின் 12 சென்டிமீட்டர் விட்டம் மட்டும் மாறவில்லை. 1982-ல் அச்சான ஒரு பாட்டு சிடியை இன்று வாங்கிய யுஎஸ்பி டிரைவில் போட்டாலும் பாடும். கணினி உலகில் இப்படிச் சொல்லக்கூடிய பொருள்கள் மிகக் குறைவு.

பாட்டுத் தட்டு கணினிக்கு வந்தது

1979 மார்ச் 8 அன்று நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் நிறுவனம் பத்திரிகையாளர்களைக் கூட்டி, ஊசி உரசாமல் ஒளியால் படிக்கப்படும் ஒரு சின்ன இசைத்தட்டைப் பாடவைத்துக் காட்டியது. அதே ஆண்டு ஜப்பானின் சோனி கைகோத்தது. இரு தரப்புப் பொறியாளர்களும் சேர்ந்து 1980-ல் ஒரு விதித்தொகுப்பை முடித்தார்கள். அட்டையின் நிறத்தால் அதற்கு ‘சிவப்புப் புத்தகம்’ என்று பெயர். தட்டின் விட்டம் 12 சென்டிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர், நடுத்துளை 15 மில்லிமீட்டர், ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில் முடிவானவை. 1982 ஆகஸ்ட் 17 அன்று ஜெர்மனியில் ஹானோவர் அருகே லாங்கன்ஹாகன் ஆலையில் ஸ்வீடனின் ஆபா குழுவினுடைய ‘தி விசிட்டர்ஸ்’ தொகுப்பு சிடியாக அச்சானது. அக்டோபர் 1 அன்று சோனியின் சிடிபி-101 பிளேயர் ஜப்பானில் கடைக்கு வந்தது.

பாட்டு எண்களாக எழுதப்படுகிறது என்றால், எண்ணாக மாற்ற முடிந்த எதையும் அதே தட்டில் எழுதலாம் அல்லவா? 1983-ல் வந்த ‘மஞ்சள் புத்தகம்’ இதற்கு வழி வகுத்தது. அதில்தான் சிடி-ரோம் பிறந்தது. ஆனால் பாட்டுக்கும் தரவுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பாட்டில் ஒரு துளி விட்டுப்போனால் பிளேயர் முன்பின் ஒலிகளைப் பார்த்து இட்டுநிரப்பிவிடும், காதுக்குத் தெரியாது. கணக்கில் ஒரு பூஜ்யம் மாறினால் கணக்கே தப்பு. அதனால் தட்டின் ஒவ்வொரு 2,352 பைட் துண்டிலும் 2,048 பைட்டை மட்டும் தரவுக்கு ஒதுக்கி, மீதியில் பெரும்பகுதியைப் பிழைதிருத்தத்துக்கு வைத்தார்கள். அப்படியும் 74 நிமிடத் தட்டில் ஏறத்தாழ 650 எம்பி கொள்ளும். 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியின் ஹார்ட் டிஸ்க் 20 எம்பி. அப்படிப்பட்ட ஹார்ட் டிஸ்க் முப்பதை ஒரு தட்டு விழுங்கிவிடும்.

1985-ல் பிலிப்ஸ் சிஎம்100 என்ற டிரைவைக் கொண்டுவந்தது. அது கணினிக்கு வெளியே இருந்த தனிப் பெட்டி. அதே ஆண்டு குரோலியர் நிறுவனம் தன் கலைக்களஞ்சியத்தை சிடி-ரோமில் வெளியிட்டது. படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். சுமார் 90 லட்சம் சொற்கள். சொற்களைத் தேடித்தரும் அட்டவணையையும் சேர்த்த பிறகும் தட்டில் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. ஒரு புத்தக அலமாரியே உள்ளங்கைக்கு வந்துவிட்டதைப் பார்த்து நூலகர்கள் மலைத்தார்கள். தொடக்கத்தில் இதை வாங்கியவர்களில் நூலகங்கள் முக்கியமானவை.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. தட்டின் அளவு ஒன்று, ஆனால் அதில் கோப்புகளை அடுக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒருவர் எழுதிய தட்டை இன்னொருவரின் கணினி புரிந்துகொள்ளாது. 1985-ல் பல நிறுவனங்களின் பொறியாளர்கள் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் டாஹோ ஏரிக்கரையில் உள்ள ஹை சியரா ஹோட்டலில் கூடிப் பேசினார்கள். அங்கே உருவான பொது முறைக்கு ஹோட்டலின் பெயரே நிலைத்தது. அதுதான் திருத்தங்களோடு 1988-ல் ஐஎஸ்ஓ 9660 என்ற உலகத் தரம் ஆனது. ஒரு ஊரில் எழுதிய சிடியை இன்னொரு ஊரில் விண்டோஸ், மேக், லினக்ஸ் எதில் போட்டாலும் திறப்பதற்கு அந்த ஒப்பந்தமே காரணம்.

1988-ல் ஆப்பிள் நிறுவனமும் ‘ஆப்பிள்சிடி எஸ்சி’ என்ற வெளிப்பெட்டியை விற்றது. விலை ஆயிரம் டாலருக்கு மேல். தட்டை நேராகப் போட முடியாது, ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துக் கூட்டோடு நுழைக்க வேண்டும். இணைப்பு ‘ஸ்கசி’ எனப்பட்ட கட்டைவிரல் பருமன் கேபிள். ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் கொடுக்க வேண்டும், வரிசையின் கடைசியில் ‘டெர்மினேட்டர்’ என்ற மூடியைச் செருக வேண்டும். இரண்டு கருவிக்கு ஒரே எண் விழுந்தால் எதுவும் வேலை செய்யாது. கணினியை அணைக்காமல் கேபிளைக் கழற்றக் கூடாது. அந்தக் காலத்து டிரைவ் நொடிக்கு 150 கேபி படித்தது. முழுத் தட்டையும் படித்து முடிக்க, பாட்டு கேட்பதற்கு ஆகும் அதே 74 நிமிடம் ஆகும்.

உள்ளே குடியேறிய காலம்

1990-களில் ‘மல்டிமீடியா’ என்ற சொல் கணினிக் கடைகளின் பலகைகளில் ஏறியது. சவுண்டு கார்டு, ஒரு ஜோடி ஸ்பீக்கர், சிடி டிரைவ் மூன்றையும் ஒரே அட்டைப் பெட்டியில் போட்டு விற்றார்கள். முதலில் டிரைவின் கேபிள் சவுண்டு கார்டில்தான் செருகப்பட்டது. மிட்சுமி, சோனி, பானசோனிக் என்று ஆளுக்கொரு இணைப்பு. 1990-களின் நடுவில் ஹார்ட் டிஸ்க்குக்குச் செல்லும் அதே கேபிளில் சிடி டிரைவையும் மாட்ட வழிசெய்யும் ‘அடாபி’ முறை பரவியது. அதோடு டிரைவின் விலை இறங்கியது, கணினிப் பெட்டியின் முகப்பில் அதற்கென்று ஒரு இடமும் நிலைத்தது.

உள்ளே போனதற்கு இன்னொரு காரணம் மென்பொருள் வீங்கியது. 1993-ல் மைக்ரோசாப்ட்டின் என்கார்ட்டா கலைக்களஞ்சியம் ஒலியும் படமுமாக வந்தது. அதே ஆண்டு வந்த ‘மிஸ்ட்’ என்ற விளையாட்டு சிடி இல்லாமல் ஓடாது. 1995 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 95 பிளாப்பியில் 13 தட்டு, சிடியில் ஒன்று. பிளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டு, பதினொன்றாவதில் பிழை வந்து முதலிலிருந்து தொடங்கியவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. அதே 1995-ல் சிடியிலிருந்தே கணினியைத் தொடங்கும் முறையும் வகுக்கப்பட்டது. அதற்கு ‘எல் டோரிட்டோ’ என்று பெயர், கலிபோர்னியாவில் உள்ள ஒரு மெக்சிகோ உணவகத்தின் பெயர் அது. இறந்துபோன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்கப் பலர் பயன்படுத்திய, 2000-ல் ஜெர்மானியர் கிளாஸ் நாப்பர் உருவாக்கிய நாப்பிக்ஸ் தட்டும், 2005 முதல் கேட்டவர் வீட்டுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் வந்த உபுண்டு சிடிகளும் இந்த வசதியில்தான் ஓடின.

பிறகு வேகப் போட்டி. 2, 4, 8 மடங்கு என்று ஏறி 52 மடங்கில் வந்து நின்றது. அந்த வேகத்தில் தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றும். உள்வட்டத்தில் மயிரிழை விரிசல் விட்ட தட்டு அப்படிச் சுற்றும்போது டிரைவுக்குள்ளேயே தூள்தூளாக வெடித்த சம்பவங்கள் உண்டு. அதற்குமேல் சுற்றினால் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தாங்காது என்பதால் போட்டி அங்கேயே ஓய்ந்தது.

எழுதும் தட்டு வந்தது இன்னொரு பெரிய திருப்பம். ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் 1988-ல் சாயப் படலம் பூசிய தட்டை உருவாக்கியது. லேசர் சுட்ட இடத்தில் சாயம் மாறும், மாறிய இடமும் மாறாத இடமும் சேர்ந்தால் தரவு. முதலில் வந்த எழுதும் கருவிகள் காரின் விலைக்கு விற்றன. 1995 வாக்கில் ஆயிரம் டாலருக்குக் கீழே வந்தன. சிடி எழுதும்போது கணினியில் வேறு எதையும் தொடக் கூடாது என்று வீட்டில் எச்சரிக்கை இருக்கும். ஒரு கணம் தரவு வரத் தாமதித்தாலும் லேசர் நிற்காது, தட்டு பாழ். 2000-ல் சான்யோ நிறுவனம், தரவு தீர்ந்தால் எழுதுவதை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்தே தொடரும் உத்தியைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பயம் போனது.

தமிழ்நாட்டில் சிடியைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனது கணினியல்ல, சினிமா. 1993-ல் வகுக்கப்பட்ட வீடியோ சிடியில் ஏறத்தாழ 74 நிமிடப் படம்தான் கொள்ளும். அதனால் ஒரு தமிழ்ப் படம் இரண்டு அல்லது மூன்று தட்டுகளில் வந்தது. இடைவேளை வரும் இடத்தை இயக்குநர் முடிவு செய்தார், தட்டு மாற்றும் இடத்தைத் தட்டே முடிவு செய்தது. திருட்டு விசிடி பெருகியதால் 2004-ல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருடர்களையும் அதன்கீழ் கொண்டுவந்தது. மறுபக்கம், உலகின் பெரிய வெற்றுத்தட்டு உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்திருந்த டெல்லியின் மோசர் பேயர் நிறுவனம் 2007 வாக்கில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கி, முறையான தட்டையே திருட்டுத் தட்டின் விலைக்கு விற்றுப் பார்த்தது. அந்த நிறுவனம் 2018-ல் கலைப்புக்குப் போனது.

சிடிக்குப் பின் வந்த டிவிடி கூடவே ஒரு பூட்டையும் கொண்டுவந்தது. உலகை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்துத் தட்டு இன்னொரு மண்டலத்தில் ஓடாமல் செய்தார்கள். இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, பிரிட்டன் 2, அமெரிக்காவும் கனடாவும் 1. சென்னையிலிருந்து டொராண்டோவுக்குப் போன குடும்பத்தின் தட்டுகளும் புது ஊர்த் தட்டுகளும் வேறு வேறு எண்ணில் நின்றன. கணினி டிரைவில் இந்த எண்ணை ஐந்து முறைதான் மாற்றலாம். கணக்கு டிரைவுக்குள்ளேயே பதிந்திருப்பதால் யுஎஸ்பி டிரைவை வேறு கணினிக்குக் கொண்டுபோனாலும் அந்தக் கணக்கும் கூடவே போகும்.

கதவைத் திறந்த வயர்

டிரைவ் உள்ளே குடியேறியிருந்த காலத்திலும் வெளியே நின்றவர்கள் இருந்தார்கள். லேப்டாப்காரர்கள். அன்றைய லேப்டாப்பில் பிளாப்பிக்கும் சிடிக்கும் சேர்த்து இடம் இருக்காது. அவர்களுக்காக பிரின்டர் செருகும் பேரலல் போர்ட்டில் மாட்டும் சிடி டிரைவ்கள் வந்தன. மைக்ரோ சொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் ‘பேக்பேக்’ அவற்றில் பெயர்பெற்றது. கணினிக்கும் பிரின்டருக்கும் நடுவே இந்தப் பெட்டி உட்கார்ந்துகொள்ளும். தனி மின்வயர், தனி மென்பொருள், ஆமை வேகம். ஆனாலும் வேலை நடந்தது.

1996 ஜனவரியில் யுஎஸ்பி முதல் வடிவம் வெளியானது. காம்பேக், டெக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாப்ட், என்இசி, நார்டெல் என்ற ஏழு நிறுவனங்கள் இதற்குப் பின்னால் நின்றன. இன்டெல்லில் இந்த வேலையை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் அஜய் பட், குஜராத்தின் வடோதராவில் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கருவிக்குக் கருவி வேறு வேறு துளை, எண் கொடுக்கும் தொல்லை, அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும் என்ற கட்டாயம் இவற்றையெல்லாம் ஒரே வயரால் தீர்ப்பதுதான் நோக்கம். 1998 ஆகஸ்டில் ஆப்பிளின் ஐமேக் பிளாப்பியையும் பழைய துளைகளையும் கைவிட்டு யுஎஸ்பியோடு வந்ததும் யுஎஸ்பி கருவிகள் கடைகளை நிறைத்தன. சிடி எழுதும் பெட்டிகளும் அவற்றில் இருந்தன.

அவை மெதுவாகத்தான் ஓடின. யுஎஸ்பி 1.1 நொடிக்கு 12 மெகாபிட், அதாவது கணக்குப்படி ஒன்றரை எம்பி. நடைமுறையில் அதற்கும் கீழே. கணினிக்குள் இருந்த டிரைவ் 40 மடங்குக்கு மேல் படித்துக்கொண்டிருந்தபோது வெளிப்பெட்டி நாலு மடங்கில் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு தட்டை எழுத இருபது நிமிடம். 2000 ஏப்ரலில் வந்த யுஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட். ஒரே தாவலில் நாற்பது மடங்கு. டிவிடிக் கணக்கில் 16 மடங்கில் ஓடும் டிரைவுக்கு நொடிக்கு 22 எம்பி போதும், அதற்கு இந்த வயர் தாராளம். அன்றோடு வெளியே இருப்பதால் டிரைவ் மெதுவாகும் என்ற குறை தீர்ந்தது.

மின்சாரக் கதை தனி. மேசைக் கணினியின் பெரிய டிரைவுக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வேண்டும், எனவே அதை வெளியே வைத்தால் செங்கல் மாதிரி ஒரு அடாப்டரும் கூடவே வரும். லேப்டாப்புக்காக உருவான மெலிந்த டிரைவ் 5 வோல்ட்டிலேயே ஓடியது. யுஎஸ்பி துளை தருவதும் 5 வோல்ட்தான். ஆனால் அளவு 500 மில்லிஆம்பியர். மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியிலும் எழுதும்போதும் டிரைவ் அதற்கு மேல் இழுக்கும். அதனால் ஒரு முனை இரண்டாகப் பிரியும் வயரைக் கொடுத்தார்கள். ஒன்று தரவுக்கும் மின்சாரத்துக்கும், இன்னொன்று மின்சாரத்துக்கு மட்டும். இரண்டாவது முனையை அலட்சியமாகத் தொங்கவிட்டால் டிரைவ் ‘டிக் டிக்’ என்று முனகி நின்றுவிடும். பழுது என்று கடைக்குத் திரும்பிவந்த எத்தனையோ டிரைவ்களில் இருந்த குறை இது ஒன்றுதான். 2008-ல் வகுக்கப்பட்ட யுஎஸ்பி 3.0 துளை 900 மில்லிஆம்பியர் தரும், அதில் இந்தச் சிரமம் பெரும்பாலும் இல்லை.

2008 ஜனவரி: வெளியேற்றம்

2008 ஜனவரி 15 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் அலுவலகக் காகித உறை ஒன்றிலிருந்து ஒரு லேப்டாப்பை உருவினார். மேக்புக் ஏர். அதிகபட்சத் தடிமன் 1.94 சென்டிமீட்டர். உள்ளே சிடி டிரைவ் கிடையாது. வேண்டுமென்றால் 99 டாலருக்கு ‘சூப்பர்டிரைவ்’ என்ற வெளிப்பெட்டி உண்டு. அந்த லேப்டாப்பில் இருந்த யுஎஸ்பி துளையே ஒன்றுதான், டிரைவை மாட்டினால் வேறு எதையும் மாட்ட முடியாது. வழக்கமான அளவைவிட அதிக மின்சாரத்தை அந்தத் துளை தந்தது, சூப்பர்டிரைவ் அதை நம்பியே செய்யப்பட்டது. அதனால் மற்ற நிறுவனக் கணினிகளில் அது ஓடவில்லை. டிரைவ் வாங்க விரும்பாதவர்கள் வீட்டிலுள்ள இன்னொரு கணினியின் டிரைவை வயர் இல்லாமல் இரவல் வாங்கிப் படிக்கும் வசதியும் இருந்தது.

இதற்குச் சில மாதங்கள் முன்பே, 2007 இறுதியில், அசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி என்ற சின்ன, மலிவு லேப்டாப் டிரைவ் இல்லாமல் வந்திருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. 12 சென்டிமீட்டர் தட்டை நுழைக்க வேண்டுமென்றால் ஒரு லேப்டாப்பின் அடிப்பகுதியில் பெரும் பங்கை அதற்கு எழுதிவைக்க வேண்டும். மெலிந்த டிரைவும் 12.7 மில்லிமீட்டர் உயரம், இன்னும் இளைத்தது 9.5. அந்த இடத்தை எடுத்துக்கொண்டால் பேட்டரியைப் பெரிதாக்கலாம், உடம்பை மெலிதாக்கலாம். இணையமும் பென்டிரைவும் தட்டின் வேலையைப் பகிர்ந்துகொண்டிருந்ததால் தயாரிப்பாளர்கள் துணிந்தார்கள். 2012-ல் ஆப்பிளின் புதிய மேக்புக் புரோவிலும் மேசைக் கணினியான ஐமேக்கிலும் டிரைவ் போய்விட்டது. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 8-ல் டிவிடி படம் ஓட்டும் வசதியே இயல்பாக இல்லை. பாரிஸில் மாணவர்கள் தொடங்கிய விஎல்சி பிளேயர் அந்த இடத்தை நிரப்பியது. 2015-ல் விண்டோஸ் 10 பெட்டியைத் திறந்தவர்கள் உள்ளே தட்டுக்குப் பதில் பென்டிரைவைப் பார்த்தார்கள்.

விளையாட்டுக் கருவிகளிலும் இதே பாதை. 2006-ல் மைக்ரோசாப்ட் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு எச்டி டிவிடி படம் பார்க்க யுஎஸ்பியில் மாட்டும் தனி டிரைவை விற்றது. சாதாரணக் கணினியிலும் அது ஓடுகிறது என்று கண்டுபிடித்தவர்கள் அதை மலிவான கணினி டிரைவாகவே பயன்படுத்தினார்கள். 2008 பிப்ரவரியில் டோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டு, அதன் போட்டித் தட்டான புளூரே வென்றதோடு அந்தப் பெட்டியின் காலம் முடிந்தது. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவிலும் டிரைவ் இல்லை, தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

தட்டை உள்ளே தள்ளியதும்

யுஎஸ்பி டிரைவ் செய்யும் வேலையை ஒரு முறை கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. வயரைச் செருகியதும் கணினி ‘நீ யார்?’ என்று கேட்கிறது. டிரைவுக்குள் நகத்தளவு சிப் ஒன்று மொழிபெயர்ப்பாளராக இருக்கிறது. லேப்டாப்புக்குள் இருந்த காலத்து இணைப்பில் பேசும் டிரைவையும் யுஎஸ்பியில் பேசும் கணினியையும் சேர்த்து வைப்பது அதன் வேலை. டிரைவ்களுக்கான கட்டளைகள் பொதுத் தரமாக இருப்பதால் தனி மென்பொருள் கேட்காமலே கணினி அதைப் புரிந்துகொள்கிறது.

தட்டை உள்ளே தள்ளியதும் லேசர் வண்டி நடுப்பகுதிக்கு நகர்கிறது. மெல்லிய கம்பிகளில் தொங்கும் லென்ஸ் மேலும் கீழும் அசைந்து குவியத்தைத் தேடுகிறது. முதலில் இது சிடியா டிவிடியா என்று பார்க்க வேண்டும். சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. டிவிடிக்கு 650, சிவப்பு. இரண்டு லேசரும் உள்ளே உண்டு. புளூரே டிரைவானால் 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர் ஒன்றும் கூடும். கிராமபோன் தட்டு விளிம்பிலிருந்து தொடங்கும், சிடியின் சுருள்பாதை நடுவிலிருந்து தொடங்கி விளிம்புக்குப் போகும். பாதைக்கும் பாதைக்கும் இடைவெளி 1.6 மைக்ரான், ஒரு தலைமுடியின் அகலத்தில் நாற்பது பாதை ஓடும். சுருளை நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல். சுற்றும்போது தட்டு மேலும் கீழும் அசைகிறது, லென்ஸ் ஓரிரு மைக்ரான் பிசகாமல் அந்த அசைவைப் பின்தொடர்கிறது. உள்வட்டத்தில் இருக்கும் பொருளடக்கத்தைப் படித்த பிறகுதான் திரையில் சிடியின் பெயர் வருகிறது. நமக்குத் தெரிவது நாலைந்து நொடி உறுமல் மட்டும்.

இன்று யாருக்கு வேண்டும்?

ஸ்கேன் சென்டர் சிடி ஒரு எடுத்துக்காட்டு. மருத்துவப் படங்களுக்கான ‘டைகாம்’ தரம் சிடியை ஏற்றுக்கொண்ட ஊடகமாக வைத்திருப்பதால், படத்தைப் பார்க்கும் மென்பொருளையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அரசு அலுவலகங்களும் தட்டை எளிதில் விடவில்லை. 2022 ஆகஸ்டில் ஜப்பானின் டிஜிட்டல் துறை அமைச்சர் தாரோ கோனோ, பிளாப்பி, சிடி போன்றவற்றில் தகவல் கேட்கும் சுமார் 1,900 நடைமுறைகள் தங்கள் அரசில் இருப்பதாகச் சொல்லி, அவற்றை ஒழிப்பதாக அறிவித்தார். தொழில்நுட்பத்துக்குப் பெயர்போன நாட்டின் நிலை அது.

இவற்றையெல்லாம்விட மனதுக்கு நெருக்கமான தேவை வீட்டு பீரோவில் இருக்கிறது. 2000-க்குப் பிறகு நடந்த கல்யாணங்கள், காதுகுத்துகள், வளைகாப்புகள், பள்ளி ஆண்டு விழாக்கள் சிடியிலும் டிவிடியிலும்தான் வந்தன. அந்தத் தட்டுகள் என்றென்றும் இருப்பவை அல்ல. ஆலையில் அச்சான தட்டே பழுதாகும். 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் தயாரான இசைச் சிடிகள் பல, உறைக் காகிதத்திலிருந்த கந்தகம் மேல்பூச்சைத் தாண்டி உலோகத்தை அரித்ததால், வெண்கல நிறமேறிக் கெட்டுப்போயின. வீட்டில் எழுதிய தட்டு இன்னும் மென்மையானது. அதன் சாயம் வெயிலுக்கும் வெக்கைக்கும் வெளுக்கும். மே மாதத்தில் ஓட்டு வீட்டுப் பரணில் கிடக்கும் தட்டு படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனம் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டி எளிமையாகச் சில யோசனைகள் தந்தது. தட்டை விளிம்பில் பிடிக்க வேண்டும், படுக்கப் போடாமல் நிறுத்தி வைக்க வேண்டும், ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு நல்ல காரணம் உண்டு. கீறல் குறுக்கே விழுந்தால் ஒவ்வொரு பாதையிலும் கொஞ்சம்தான் கெடும், பிழைதிருத்தக் கணக்கு அதைச் சரிசெய்துவிடும். கீறல் பாதையோடு சேர்ந்து வட்டமாகப் போனால் தரவு தொடர்ச்சியாகப் போய்விடும். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. சிடியில் தரவுப் படலம் பெயர் எழுதும் பக்கத்தின் மேல்பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. பளபளக்கும் பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவலுண்டு, மேல்பக்கத்தில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ‘அக்கா கல்யாணம்’ என்று எழுதியதே அந்தக் கல்யாணத்தை அழித்துவிடக்கூடும்.

டிரைவ்களும் குறைந்துகொண்டு வருகின்றன. ஆப்பிள் 2024-ல் சூப்பர்டிரைவ் விற்பதை நிறுத்தியது. சோனி 2025 பிப்ரவரியோடு எழுதும் புளூரே தட்டு உற்பத்தியை முடித்துக்கொண்டது. தட்டும் டிரைவும் ஒரே நேரத்தில் முதுமை அடைகின்றன. ஆகவே பீரோவிலிருந்து தட்டுகளை எடுத்து ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுக்கும் வேலையை இப்போதே செய்துவிட வேண்டும். பெரிய வேலையும் அல்ல. மெல்லிய பருத்தித் துணி ஒன்று, யுஎஸ்பி டிரைவ் ஒன்று, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

எழுதிய தட்டைத் திருப்பிப் பார்த்தால், எழுதிய இடத்துக்கும் எழுதாத இடத்துக்கும் நடுவே மெல்லிய நிறக்கோடு ஒன்று தெரியும். நடுவிலிருந்து அந்தக் கோடுவரை கல்யாணம், அதற்கப்பால் வெறும் சாயம். டிரைவ் அந்தக் கல்யாணத்தை நொடிக்கொரு எம்பியாகப் படிக்கத் தொடங்கி, வேகம் பிடித்து, கீறல் விழுந்த இடத்தில் சுருதி இறங்கித் தடுமாறும். நின்று, லென்ஸை நகர்த்தி, அதே இடத்தை மறுபடி படிக்கும். இன்னும் மெதுவாகச் சுற்றி இன்னொரு முறை படிக்கும். திரையில் பச்சைக் கோடு அசையாமல் நிற்க, வீட்டார் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு உறுமல் மறுபடி உயரும், கோடு நகரும், நாதஸ்வரம் தொடங்கும். முதல் வரிசையில், இப்போது இல்லாத தாத்தா, பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்.